பந்தி வாசலில் செக்கர் அத்தான்

என் அக்காவைக் கட்டியவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவராக இருந்தார். நாலு வருஷம் கண்டக்டர், அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் செக்கர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாருக்கும் அவர் செக்கர்தான். சின்னப் பிள்ளைகளுக்குச் செக்கர் தாத்தா, எனக்குச் செக்கர் அத்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சபைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் பார்க்கலாம்.

சந்தேகம் சிலருக்குக் குணம். அத்தானுக்கு அது கைத்தொழில். ஓடுகிற பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பாராம். டிக்கெட் எடுத்தவன் செக்கரைப் பார்ப்பான், எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான் என்பது அவர் கண்டுபிடிப்பு. கல்யாணமாகி இரண்டாவது மாதத்தில் எங்கள் அப்பாவே ஜன்னலைப் பார்த்து மாட்டிக்கொண்டார். மகளைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் கண்டக்டர் கிட்டே வரவில்லை, அப்பாவும் தேடிப் போகவில்லை. அத்தான், "மாமா, இறங்குங்க" என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, நடந்தே வந்துசேர்ந்த மாமனாரின் காலுக்கு வெந்நீர் வைத்து ஊற்றியவரும் அவர்தான். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சாகும்வரை சிரிக்கவில்லை.

எங்கள் சபைக்கு வருஷத்தில் ஒரு நாள் ஆண்டு விழா. காலையில் ஆராதனை, பிறகு பிள்ளைகளின் பாட்டு, பிறகு சபையாருக்கெல்லாம் ஒன்றாகச் சாப்பாடு. சாப்பாட்டுக் கூடம் வேதக்கோயிலுக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. ஏறிப்போக இருபத்தெட்டுப் படி. ஒரே நேரத்தில் நூறு பேர் உட்காரலாம், நாங்களோ கிட்டத்தட்ட நானூறு. அதனால் நாலு பந்தி, பந்திக்கு ஒரு நிறத்தில் டிக்கெட். மஞ்சள் முதல் பந்தி. அது முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும். வெள்ளை கடைசிப் பந்தி. நடுவில் பச்சையும் நீலமும். முதல் பந்தியில்தான் இறைச்சி பெரிய துண்டாக விழும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெள்ளை டிக்கெட்டை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு முதல் பந்தியில் நுழையப் பார்த்தவர்களை நான் அறிவேன். ஒரு மணி நேரம் முன்னால் முழங்காலில் நின்று கண்ணீர் விட்டவர்களும் அதில் உண்டு.

அவர்களைத் தடுக்கத்தான் மாடிப்படிக்கு மேலே, கூடத்து வாசலில், அத்தான் இருபத்திரண்டு வருஷம் நின்றார். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் நின்ற மனுஷன் ஓய்வு நாளிலும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மற்றவர்கள் மர நிழலில் பெஞ்சைப் போட்டுக் கால் நீட்டுவார்கள். தேநீர் வரும், கதை வரும், பெரியவர்களுக்குக் குட்டித் தூக்கம் வரும். அத்தான் மட்டும் தூணில் சாய்ந்து, யார் யாரோடு குசுகுசுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். வேலைக் காலம் முடிந்து சீருடையைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அவரை நம்பி விட்டிருந்த வாசல் அந்தப் பந்தி வாசல் ஒன்றுதான். அது கையைவிட்டுப் போனால் தான் வெறும் கிழவன் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் அவருக்கு இளைப்பு வந்தது. நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார். அதைப் பழைய டிக்கெட் பையில் ஒளித்துவைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் இழுத்துவிட்டு வருவார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிவிட்டார். தெரிந்தால் மறுநாளே வாசலில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். இரண்டு வருஷம் இது அக்காவுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். எனக்குக்கூடத் தெரியாது, அடுத்த வீட்டில்தான் இருக்கிறேன்.

போன ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது.

எங்கள் கோயில் வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. யாருக்கு என்ன பாரமோ அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பேர் போடாமல் போடலாம். ஞாயிற்றுக்கிழமை செயலர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை ஜெபிக்கும். பிறகு எல்லாக் காகிதத்தையும் பின்பக்கத்துத் தகர டப்பாவில் போட்டு எரித்துவிடுவார்கள். யார் கையெழுத்து என்று யாரும் தேடக் கூடாது என்பதற்காக முன்னோர் வைத்த ஏற்பாடு.

செயலரை நாங்கள் மைக் அண்ணன் என்போம். மைக்கை அவர் கையிலிருந்து வாங்குவதைவிடப் பாலுக்கு அழுகிற குழந்தையைத் தாயிடமிருந்து வாங்குவது லேசு. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், பிழையைப் பொறுக்கமாட்டார். ஜெபக் குறிப்பைக்கூட உள்ளபடி வாசிக்காமல் திருத்தி, இரண்டு வார்த்தை கூட்டி, அழகு பண்ணித்தான் வாசிப்பார்.

அன்றைக்கு அவர் வாசித்த நாலாவது குறிப்பு இது: "நமது பந்தி வாசலில் நிற்கும் அண்ணன் தமது பணியிலிருந்து இளைப்பாற ஜெபியுங்கள்."

சபையில் கண் மூடியிருந்தவர்கள் பாதிப் பேர் கண்ணைத் திறந்தார்கள். எங்களுக்குள் இளைப்பாறுவது என்றால் வேலையிலிருந்து விலகுவதும் உண்டு, கல்லறைக்குப் போவதும் உண்டு. இரண்டில் எது என்று குறிப்பில் இல்லை. நான் திரும்பி அத்தானைப் பார்த்தேன். முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் அக்கா குனிந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அவமானத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் அத்தான் சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உறவுமுறை விஷயத்தில் நான் நடமாடும் பதிவேடு என்று அவருக்குத் தெரியும்.

"டெய்லர் யாரு?" என்று கேட்டார்.

டெய்லர் கோயில் தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது, அமைதியான ஆள், முந்தின வருஷம் பந்தி நேரத்தில் படியில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டெய்லரின் அம்மா, எங்கள் அம்மாவின் சித்தப்பா மகளை முதலில் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற வீட்டுக்காரருக்குத் தங்கை. டெய்லரின் அக்காவைக் கொடுத்த இடம், மைக் அண்ணன் மனைவியின் தம்பி.

அத்தான் தொடையில் தட்டினார். "அப்படிச் சொல்லு. எழுதினது டெய்லர், வாசிச்சது சம்பந்தி."

சம்பந்தி முறை ஆகாது, மைத்துனர் வழியில் சுற்றிக்கொண்டு வரும் என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. எனக்கே உள்ளுக்குள் ஊற ஆரம்பித்துவிட்டது. டெய்லர் முந்தின வருஷம் ஏன் படியில் போய் நின்றார்? யார் நிற்கச் சொன்னது?

அடுத்த ஞாயிறு அத்தான் பரிசோதனையில் இறங்கினார். ஆராதனை முடிந்ததும் மர நிழலில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய், "போன வாரம் குறிப்பு நல்லா இருந்துச்சு, இல்ல?" என்று கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். யார் அவரைப் பார்க்கிறார்கள், யார் வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்று கண்ணால் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னார், ஏழு பேர் வேறு பக்கம் பார்த்தார்களாம். அதில் ஒருவர் போதகர் ஐயா.

"ஐயா எதுக்கு அத்தான் எழுதப்போறாரு?" என்றேன்.

"எழுதியிருக்க மாட்டாரு. ஆனா தெரியும். மேய்ப்பனுக்குத் தெரியாம ஆடு எழுதுமா?"

வருத்தம் தெரிவித்து வந்தவர்களையும் அவர் விடவில்லை. பால்காரர் வந்து, "நீங்க நில்லுங்கண்ணே, நாங்க இருக்கோம்" என்று சொல்லிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேக்காமலே ஆறுதல் சொல்றான் பாரு, இவனையும் சேத்துக்க" என்றார். அன்றோடு எட்டு.

விழா வாரம் வந்தது. பெண்கள் கூடி டிக்கெட் வெட்டினோம், சன்னல் துடைத்தோம், காகிதக் கொடி ஒட்டினோம். வழக்கமாக அந்த வேலையில் சிரிப்பு அடங்காது. அந்த வருஷம் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்டது. யார் வாயைத் திறந்தாலும் செக்கர் வீட்டுக்குப் போய்விடும் என்று என்னைப் பார்த்துப் பயந்தார்கள். நானும் அவர்கள் பயப்படுவதைப் பார்த்து, ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் பயப்படவேண்டும் என்று நினைத்தேன். சந்தேகம் சளி மாதிரி. ஒரு வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் போதும்.

விழாவுக்கு முந்தின புதன்கிழமை கமிட்டி கூடியது. ஞாயிறு பள்ளி அறையில்தான் எப்போதும் கூடுவார்கள். அங்கே இருப்பதெல்லாம் குழந்தைகள் பெஞ்சு. பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நானும் அக்காவும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பந்தி வேலைகளைப் பங்குபோடுகிற கட்டத்தில், வாசல் என்று மைக் அண்ணன் வாசித்ததும் அத்தான் எழுந்துவிட்டார்.

"அதுக்கு முன்னால ஒரு விஷயம். டெய்லர் வேதத்து மேல கை வச்சுச் சொல்லட்டும், அந்தக் குறிப்ப அவர் எழுதலன்னு."

போதகர் ஐயா, சத்தியம் எல்லாம் வேண்டாம், உட்காருங்கள் என்றார். அத்தான் உட்காரவில்லை. டெய்லர் பாவம், சின்னப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, நான் நாள் பூரா உக்காந்து மெஷின் மிதிக்கிறவன். நிக்கிற வேலைக்கு நானா ஆசப்படப்போறேன்?"

"உக்காந்தே இருக்கிறவனுக்குத்தான் நிக்க ஆச வரும்" என்றார் அத்தான். "போன வருஷம் படியில எதுக்கு நின்னீங்க?"

"படியில ஒரு கிழவி தடுமாறுச்சு. பிடிக்க நின்னேன்."

"எந்தக் கிழவி?"

நான்தான் அந்தக் கிழவி. தேநீர்க் கெட்டிலை வைத்துவிட்டு அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் கமிட்டி அறையில் வாய் திறந்தது அன்றுதான்.

"அவர விடுங்க. எழுதினது நான்."

அத்தான் திரும்பினார். யாரோ வேறு மொழியில் பேசியது மாதிரி அவளைப் பார்த்தார்.

"நான் எழுதினது அப்படி இல்ல" என்று அக்கா மைக் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "பந்தி வாசலில் நிற்கும் அண்ணனின் இளைப்பு ஆற ஜெபியுங்கள்னு எழுதினேன். என் வீட்டுக்காரர்னு போட்டா கண்டுபிடிச்சிருவாருன்னு அண்ணன்னு போட்டேன். இளைப்பு. மூச்சு இளைப்பு. அது ஆறணும்னு. நீங்க பணியிலிருந்து இளைப்பாறன்னு வாசிச்சிட்டீங்க."

மைக் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "சேத்து எழுதியிருந்துச்சும்மா. இளைப்பாறன்னு ஒரே வார்த்தையா இருந்துச்சு. அண்ணனின் இளைப்பாறன்னா இலக்கணம் இடிக்குதேன்னு, 'இன்'ன எடுத்துட்டேன்."

"பணியிலிருந்துன்னு யாரு போட்டது?" என்றாள் அக்கா.

"அது நான் போட்டது. வாக்கியம் மொட்டையா இருந்துச்சு."

பால்காரர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். போதகர் ஐயாவே வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். மூன்று வாரம் அடைத்திருந்த காற்று வெளியே போன மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஒவ்வொருவராக யோசித்து, இளைப்பு என்கிற சொல்லுக்கு வந்துசேர்ந்திருந்தார்கள்.

"எத்தன நாளா இளைப்பு?" என்று போதகர் ஐயா மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் அத்தான்.

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கோபம் நெஞ்சில் ஏறி அடைத்துவிட்டது. அந்தச் சின்ன அறையில் அந்த விசில் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. அவர் கை பைக்குள் போய்த் தடவியது. மருந்தை எடுத்தார், அந்தப் பக்கம் திரும்பி இழுத்தார். அறையில் இருந்த பதினொரு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அக்காவோடு இரண்டு நாள் பேச்சில்லை. பேசியபோது கேட்ட முதல் கேள்வி, "உன்னைத் தூண்டிவிட்டது யாரு?"

அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ராத்திரி உங்க பக்கத்துல படுத்திருக்கேனே, அந்தச் சத்தந்தான் தூண்டிவிட்டுச்சு. சத்தியம் பண்ணிட்டேன், மனுஷங்ககிட்டச் சொல்ல முடியாது. பெட்டியில போட்டேன்."

டிக்கெட் இல்லாதவன் காரணம் சொல்வான் என்றுதான் அத்தான் பழகியிருந்தார். காரணம் சரியாகவே இருந்தால் என்ன செய்வது என்று பழகியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். வாசல் உங்களுக்குத்தான், ஆனால் ஒரு நாற்காலி போட்டுத்தருகிறோம் என்றார். அத்தான் மறுத்துவிட்டார். உட்கார்ந்து டிக்கெட் பார்க்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள் என்றார். சரி, படி ஏறாமல் கீழேயே நில்லுங்கள் என்றார் ஐயா. இது யாருடைய யோசனை என்று அத்தான் கேட்டார். என்னுடையதுதான் என்றார் ஐயா. அத்தான் நம்பவில்லை என்றாலும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கீழே மட்டும் பார்த்தால், வேறு நிற டிக்கெட்காரன் பின்பக்கத்துப் படி வழியாக மேலே ஏறிவிடலாம். அப்படியானால் இரண்டு செக்கிங் வேண்டும். கீழே டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுக்க வேண்டும், மேலே பாதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

"மேல யாரு நிக்கிறது?" என்று ஐயா கேட்டார்.

"டெய்லர் நிக்கட்டும்" என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஐயாவும் அப்படித்தான் நினைத்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

விழா நாள் காலை ஆராதனை நன்றாக நடந்தது. பிள்ளைகள் பாட்டில் ஒரு சரணத்தை இரண்டு தடவை பாடினார்கள், யாரும் குறை சொல்லவில்லை. பந்தி நேரம் வந்ததும் அத்தான் வெளுத்த சட்டையோடு படிக்குக் கீழே நின்றார். முதல் பந்தி வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. மஞ்சள் டிக்கெட்டை நீட்டினேன். அவர் அதைக் கிழித்தார், இரண்டு பாதியையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் பாதி?"

"நீ மேல போம்மா" என்றார், உதடு அசையாமல்.

"பாதி இல்லாம எப்படி அத்தான்?"

"அதுதான் பாக்கணும். போ. தெரிஞ்சவங்களப் பாத்தா விட்டுருவானான்னு."

அறுபத்தெட்டு வயதில் இருபத்தெட்டுப் படி ஏறினேன். டெய்லர் வாசலில் நின்றார். முகம் மலர்ந்து, "வாங்கக்கா, கால் எப்படி இருக்கு?" என்றார். கால் பரவாயில்லை என்றேன். "அந்தப் பாதி டிக்கெட்?" என்றார். கீழே கொடுத்துவிட்டேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து சோற்று ஆவி முகத்தில் அடித்தது.

"கீழ குடுத்தா பாதி திரும்பி வந்திருக்கணுமேக்கா."

"தொலஞ்சுபோச்சு."

டெய்லர் தலையைச் சொறிந்தார். முந்தின வருஷம் என் கையைப் பிடித்து இதே படியில் ஏற்றிவிட்ட மனுஷன். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினேன். அத்தான் சொல்லாததையும் சேர்த்துச் செய்தேன், செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

"தப்பா எடுத்துக்காதீங்க. கீழ போய் அண்ணன்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க. நான் எடம் பிடிச்சு வைக்கிறேன்."

ஏறிய படியெல்லாம் இறங்கினேன். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், செக்கர் வீட்டு ஆளே மாட்டிக்கொண்டாள் என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. கீழே அத்தான் என் பாதியைக் கையில் தயாராக வைத்திருந்தார்.

"விடலையா?"

"விடல."

"கால் வலின்னு சொன்னியா?"

"அவரே கேட்டாரு. கேட்டும் விடல."

அத்தான் மேலே நிமிர்ந்து பார்த்தார். டெய்லர் அங்கே ஒரு கைக்குழந்தைக்காரியின் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் தன் பைக்குள்ளிருந்து கிழிக்காத டிக்கெட் ஒன்றை எடுத்தார். மஞ்சள். அவர் வீட்டுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நாலாவது பந்தியும் முடிந்து, பானை கழுவுகிறவர்களோடு சாப்பிட்டவர் அவர். அதை நடுவில் கிழித்தார். கீழ் வாசலைப் பால்காரரிடம் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு படிக்கு ஒரு தரம் நின்று நின்று மேலே ஏறினார். வழியில் மருந்தை எடுத்து எல்லார் முன்னாலும் இழுத்தார்.

மேலே டெய்லர் சட்டென்று விலகி வழிவிட்டார். அத்தான் நகரவில்லை. பாதி டிக்கெட்டை நீட்டிக்கொண்டே நின்றார். டெய்லர் வாங்கி, நிறத்தைப் பார்த்து, டப்பாவில் போட்ட பிறகுதான் உள்ளே கால் வைத்தார்.

அக்கா எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும், இனிமேல் வாசலை டெய்லரே பார்க்கட்டும் என்று அவளிடம் சொன்னார். அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அத்தான் ஒரு வாய் சாப்பிட்டார். பக்கத்துத் தட்டுகளில் விழுந்த இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அந்த டெய்லர் என்னையும் ஒரு தடவை நிறுத்திக் கேட்டிருக்கலாம். அடுத்த வருஷம் நீ பச்ச டிக்கெட்டோட முதல் பந்திக்குப் போய்ப் பாரு" என்றார்.